முப்பது செகண்ட்

"இன்னா தலைவரே, இன்னும் முப்பது செகண்ட் சேத்துக் குட்த்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

ஜெரோம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ஐந்தாவது தடவையாகத் தோற்றிருந்தான். பொருட்காட்சிகளில் விளையாட்டுக் கடை போட்டு ஊரையே தோற்கடிக்கிறவன் அவன். அதனால் எரிச்சல் இரண்டு மடங்காக வந்தது.

ஏரி நடுவில் ஒரு தீவுக் குப்பத்தில் யாரோ ஒருவர் பழைய பைக்கைப் பிரித்துப் பின்பால் மேசை செய்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வந்து, படகேறி வந்திருந்தான். வாங்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் வந்தான்.

மேசையைப் பார்த்ததுமே ஆள் சொக்கிப் போய்விட்டான். கண்ணாடி மூடிய சரிவுப் பலகை. முன்னால் நிஜமான ஹேண்டில்பார். கிக்கரை உதைத்தால் பேரிங் குண்டு சீறிக்கொண்டு மேலே போகும். கீழே உருண்டு வரும்போது தட்டி அனுப்ப இரண்டு மரத்துடுப்புகள். கிளட்சைப் பிடித்தால் இடது, பிரேக்கைப் பிடித்தால் வலது. பெட்ரோல் பங்கில் இடித்தால் ஹெட்லைட் எரியும், நூறு பாயிண்ட். ரயில்வே கேட்டைத் தாண்டினால் இருநூறு. பாயிண்ட் ஏற ஏற ஸ்பீடோமீட்டர் முள் நகரும். மேசையைப் பிடித்து உலுக்கினால் விளக்கு அணைந்து ஆட்டம் முடிந்துவிடும்.

எல்லாம் சரி, கடைசி விதிதான் வம்பு. ஆட்டத்துக்கு நடுவே மூன்று தடவை மணி அடிக்கும். மூன்றாவது மணிக்குள் மேல் மூலையில் 'படகுத்துறை' என்று எழுதியிருக்கும் குழியில் குண்டு விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் துடுப்புகள் செத்துவிடும். எத்தனை ஆயிரம் எடுத்திருந்தாலும் பூஜ்யம்.

"உங்க ஊரு பாடு சட்டத்த அப்படியே இதுல எறக்கிட்டீங்களா?" என்றான் ஜெரோம்.

வரதன் தலையை மட்டும் ஆட்டினார். ஊர்த்தலைவர் அவர். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் பெயர் பாடு. வருஷத்துக்கு ஒருமுறை பழவேற்காட்டுப் படகுத்துறையில் ஊரைக் கூட்டி, சீட்டுக் குலுக்கி அதை அவர்தான் பிரித்துக் கொடுப்பார். பெயரைக் கூப்பிட்டு மூன்று மணி அடிப்பார். அதற்குள் ஆள் வந்து நிற்காவிட்டால் அந்த வருஷம் அவனுக்குப் பாடு கிடையாது. வேண்டியவன், வேண்டாதவன் எல்லோருக்கும் ஒரே சட்டம். அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் அவருக்கு அதனால் பெரிய பேர்.

"இதுவரிக்கும் யாராவது ஜெயிச்சிருக்காங்களா?"

"இல்ல தம்பி. நானே தினம் ஆடறேன். ஒரே ஒரு வாட்டி குண்டு நேரத்துக்கு வந்து சேந்துட்டா போதும். மேசைய சும்மாவே தூக்கிக் குடுத்துடறேன்."

மருமகள் திவ்யா டீ கொண்டுவந்தாள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல் நின்றாள்.

"நீயாவது மாமாவுக்கு எடுத்துச் சொல்லும்மா. இத்த எட்துனு போய்க் கடை போட்டேன்னா கூட்டம் அலமோதும். ஆனா ஒருத்தனாவது ஜெயிக்கணுமில்ல?"

"நான் அந்த மேசப் பக்கமே போறதில்லண்ணா" என்றாள் அவள்.

ஜெரோம் ஆறாவது தடவை கிக்கரை உதைத்தான். இந்தத் தடவை கை பேசியது. பங்க், கேட், திரும்பவும் பங்க். முதல் மணி அடித்தது. வரதன் எழுந்து வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மணி அடித்தபோது அவர் உதடுகள் "வா... வா..." என்று முணுமுணுத்தன. ஆடுகிறவனைவிடப் பார்க்கிறவருக்குத்தான் அதிகம் வியர்த்தது.

குழிக்கு ஒரு சாண் தூரத்தில் குண்டு இருக்கும்போது மூன்றாவது மணி அடித்துவிட்டது.

வரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெரோமுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆடத் தெரியாதவன் தோத்தா பரவால்ல. ஒழுங்கா ஆடறவனும் சாவணும்னா இன்னா சட்டம் இது? இத்தப் போட்டவனுக்கு நெஞ்சுல ஈரமே இருக்காது!"

பெரியவர் முகம் கறுத்துப்போனது.

"நீங்க ஒண்ணும் பண்ண வாணாம். இந்த ஒரு ஸ்க்ரூவத் திருகுனா மணி லேட்டா அடிக்கும். நானே பண்ணிக்கறேன்." ஜெரோம் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான்.

வரதன் பாய்ந்து எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாத!"

"வெளையாட்டுதானே தலைவரே! முப்பது செகண்டுக்குப் போயி இவ்ளோ வீம்பா?"

திவ்யா டீத்தம்ளர்களைப் படியிலேயே வைத்தாள். "அவரு மாத்த மாட்டாருண்ணா. போன வருசம் பாடு குலுக்கற அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு டூட்டி முடிச்சிட்டு இந்த பைக்லதான் வந்துனு இருந்தாரு. 'நைனா, பொன்னேரி தாண்டிட்டேன், மூணாவது மணிய மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை'னு போன்ல கெஞ்சினாரு. 'தலைவர் புள்ளைக்குனு தனிச் சட்டம் கெடயாது, வேகமா வா'னு சொல்லிட்டு மாமா போன வெச்சிட்டாரு. அந்த வேகத்துல வந்தவரு லாரிக்கு அடியில போயிட்டாரு."

ஜெரோமின் கையிலிருந்து திருப்புளி நழுவியது. வரதன் பிடியை விடவில்லை.

"இப்ப முப்பது செகண்ட் சேத்துக் குடுத்தேன்னா, அன்னிக்கும் குடுத்திருக்கலாம்னு ஆயிடும் தம்பி" என்றார்.