கனடாவிலிருந்து ஒரு முகம்

"அம்மா, உங்கடை மகன் உயிரோடை இருக்கிறார். கோப்பை மூடப்போறம்," என்றார் காணாமல் போனோர் அலுவலக அதிகாரி.

சிவக்கொழுந்து கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். யுத்தம் முடிந்த நேரம் விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்ட மகன் குகதாசன் இன்னும் திரும்பவில்லை. அவன் படத்தோடு போராட்டப் பந்தலில் இருந்தே அவர் கிழவியாகிவிட்டார்.

"ஆர் சொன்னது?"

அதிகாரி தன் போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் குகதாசன், கன்னம் சதை வைத்து, முன்மயிர் நரைத்து இருந்தான்.

"அப்பா, நான் கனடாவிலை சுகமா இருக்கிறன். உங்களுக்குக் கொள்ளி வைக்க நான் வருவன்," என்றான்.

"உங்கடை மனுசன் சாக முந்திச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பின வீடியோ. நீங்கள் எங்களுக்குத் தந்த படத்தோடை மெசின் முகத்தைப் பொருத்திப் பாத்தது. அவரேதான். மகனைக் கனடாவிலை வைச்சுக்கொண்டு இஞ்சை பந்தலிலை அழுகிறியள், என்ன?"

சிவக்கொழுந்து திரையில் அந்த நரைமயிரைத் தடவினார்.

"தம்பி, உது கொம்பியூட்டரிலை செய்தது. மகனைக் காணாமல் சாகமாட்டன் எண்டு அந்த மனுசன் சீவன் போகாமல் கிடந்து துடிச்சது. பாக்கேலாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு நான்தான் செய்விச்சனான். உங்களுக்குத் தந்த அதே படத்தைத்தான் அவளுக்கும் குடுத்தனான்."

அதிகாரி போனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"உங்கடை சொல்லை மட்டும் வைச்சு மெசின் பிழையெண்டு சொல்ல ஏலாது, அம்மா. 'வீடியோவிலை இருக்கிறது நான் இல்லை' எண்டு மகன் நேரிலை வந்து சொல்லவேணும்."