வடகடல் என்று எழுதிய பை

'டப்.' கண்ணாடி ஜாடியின் ரப்பர் மூடி விடுபடும் சத்தம்.

கடையை விட்டு ஒன்பது வருஷமாகியும், வீட்டில் காபித்தூள் ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் வெஸ்ஸலுக்கு ஃபெம்மியின் மூக்கு ஞாபகத்துக்கு வரும்.

நெதர்லாந்தில், டெவெண்டர் என்ற ஊரின் ஆற்றோரத்துக் காபிக்கடை. வெஸ்ஸல் அங்கே கவுண்ட்டரில் நின்றவன். பெயர்தான் காபிக்கடை, வருகிறவர்கள் கஞ்சாவுக்குத்தான் வருவார்கள். சரக்கை விற்க விடுவார்கள், விளம்பரம் செய்யக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் கவுண்ட்டரில் ஒரு பொத்தான். வேண்டியவர் அதை அழுத்திப் பிடித்தால் பட்டியலில் விளக்கு எரியும். விரலை எடுத்தால் அணைந்துவிடும்.

ஃபெம்மி முதன்முதலாக வந்த வெள்ளிக்கிழமை, கால் மணி நேரமாகப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அறுபத்தெட்டு வயது. தேவாலயத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தாள்.

"இந்த வடகடல்ங்கற ரகம் என்ன ருசி?"

"பைன் மரப் பிசின். கடைசியில கொஞ்சம் எலுமிச்சைத் தோல்."

"வீரியம்?"

"இருக்கறதிலேயே அதிகம். இருபத்திரண்டு சதவீதம். பழக்கமில்லாதவங்க தொடாம இருக்கறது நல்லது, மேவ்ரவ்." டச்சு மொழியில் 'அம்மணி' என்பதற்கு அந்தச் சொல்.

"பழகினவங்களுக்கு?"

"மனசு லேசாகும். சிலருக்குப் படபடப்பு, பயம்."

"அது தெரியும்."

வரிசையில் பின்னால் நின்றவன், "டீச்சர், பாடம் முடிஞ்சுதா? எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

ஃபெம்மி திரும்பிப் பார்க்கவில்லை. "இதே மணம், இதே ருசி. ஆனா வீரியம் இல்லாதது ஒண்ணு வேணும்."

வெஸ்ஸலுக்குச் சுருக்கென்றது. "யாரை ஏமாத்தறதுக்கு?"

"என் பையனை."

கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வைத்தாள். 'வடகடல்' என்று ஒரே சொல்.

"ரூலோஃப். முப்பத்தாறு வயசு. கூரைக்குள்ள யாரோ பேசறாங்கன்னு பலகையைப் பிரிச்சவன். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்திருக்கான். வீரியமானதைத் தொட்டா மறுபடியும் அங்கதான்னு டாக்டர் சொல்லிட்டார். இவன் விட மாட்டேங்கறான். தெருவில இறங்கப் பயம், அதனால என்னை அனுப்பறான்."

"வாங்கித் தர மாட்டேன்னு சொல்லுங்களேன்."

"சொன்னா, பயத்தோடயே இறங்கி இங்க வருவான். நீங்க குடுப்பீங்க."

"இருபது வருஷமா எனக்கு ஒரே கொள்கை, மேவ்ரவ். வடகடல் கேட்டா வடகடல். பொய்ப் பேர் எழுதி நான் விக்கறதில்லை."

"நல்ல கொள்கை" என்றாள். "போன வருஷம் பூரா அப்படித்தான் அவனுக்கு வித்தீங்க."

வெஸ்ஸல் அலமாரிப் பக்கம் திரும்பினான். ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கினான். டப். டப். அவள் கண்ணை மூடி முகர்ந்தாள், தும்மினாள், கோட்டுக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஜாடிக்குப் போனாள். பதினோராவது ஜாடியில் நின்றாள். யாருமே கேட்காத ரகம். வீரியம் ஒரு சதவீதம்கூட இல்லை.

பொட்டலம் கட்டி, பையின் மேல் 'வடகடல்' என்று எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தாள்.

"ஏதாவது கேட்டானா?"

"நல்லாருக்குன்னான். ஏறுதுன்னான்." குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "சர்ச்ல கண்ணை மூட முடியலை, வெஸ்ஸல். பெத்த பிள்ளைகிட்ட வாரம் தவறாம ஒரு பொய்."

ஒரு வருஷம் போயிற்று. பிப்ரவரியில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவள் வரவில்லை. மூன்றாவது வெள்ளி, சவரம் செய்யாத முகத்தோடு ஓர் உயரமான ஆள் சுவரை ஒட்டியே நடந்து உள்ளே வந்தான்.

"ரூலோஃப்? அம்மா எங்க?"

"செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணினோம். இதயம்."

வெஸ்ஸல் கவுண்ட்டரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

ரூலோஃப் பொத்தானை அழுத்தவில்லை. "வடகடல் குடுங்க. நிஜமானது."

"நிஜமானதுன்னா?"

"முதல் இழுப்பிலேயே தெரிஞ்சுபோச்சு. வெறும் வைக்கோல். அம்மா மாடிப்படியில நின்னு என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாங்க. மிளகு வாசனைக்கே தும்மற மனுஷி. கோட்டுல பத்து ரகத்தோட வாசனை. 'ஏறுதும்மா'ன்னேன். வேற என்ன சொல்றது?"

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷமா. இனிமே யார் மூஞ்சிக்காக நடிக்கணும்? நிஜமானதைக் குடுங்க, வெஸ்ஸல்."

வடகடல் ஜாடி வெஸ்ஸலின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கழுத்து வரை நிரம்பியிருந்தது. பெயரும் பெரிதாக எழுதியிருந்தது.

"தீர்ந்துபோச்சு" என்றான் வெஸ்ஸல்.

ரூலோஃப் ஜாடியைப் பார்த்தான். பிறகு வெஸ்ஸலின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"அப்படியா" என்றான் கடைசியில். "சரி, அம்மா வாங்கினதையே குடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டான். தீர்ந்துபோயிருந்தது. அதற்கடுத்த வெள்ளியும் "அப்படியா" என்றான்.

வெஸ்ஸல் கடையை விடும் நாள் வரை வடகடல் வந்து சேரவில்லை. ரூலோஃப் இப்போது ரயில் நிலையத்து சைக்கிள் நிறுத்தத்தில் வேலை பார்க்கிறான். அம்மாவோடு இருந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகவில்லை.