ஒரு நேரத்தில் ஒருவர்

முதலாளி இரத்தினசிங்கம் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் தட்டச்சு செய்ய மாட்டார். கடவுச்சொல்லும் அப்படித்தான், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லித் தட்டுவார். அவருடைய அறைக் கதவோரம் மேசை கிடைத்தது தாஹிரின் அதிர்ஷ்டம்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளன் தாஹிர். உர மூட்டை இறக்கும் டெண்டருக்கு முதலாளி போட்டிருக்கும் விலையைக் களவாகப் பார்த்துச் சொன்னால், போட்டி நிறுவனத்து முனாப் அவனைத் தன்னிடம் மனேஜராக எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். இன்று மத்தியானத்தோடு டெண்டர் மூடுகிறது.

விலை இருந்தது முதலாளியின் மெய்நிகர் கணினியில். அது கொழும்பில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பெயரும் கடவுச்சொல்லும் தெரிந்தால் எந்த மேசையிலிருந்தும் உள்ளே போகலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். முதலாளியோ வயல் பார்க்கத் தம்பலகாமத்துக்குப் போய்விட்டார். இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

தாஹிர் உள்ளே போனான். கோப்பைத் திறப்பதற்குள் திரை கறுத்தது.

'வேறொருவர் இதே பெயரில் நுழைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது.'

மறுபடி போனான். மறுபடி வெளியே தள்ளியது. கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தான். பலனில்லை.

"நெட் ஒழுங்கா வேலை செய்யுதா, நிவேதிகா?"

"ஓம்," என்றாள் கணக்காளர் நிவேதிகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எதிர் மேசையில் எழுதுவினைஞர் சோமசேகரம் விசைப்பலகையைக் குத்திக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ? ஒருவழியாகத் துணிந்து அவருக்கு அழைத்தான்.

"சேர், நீங்க உங்கட மெஷினைத் திறந்து வச்சிருக்கீங்களா?"

"நான் இஞ்ச வயலுக்க நிக்கிறன் தம்பி. ஆனை வந்து வேலியை முறிச்சுப்போட்டுது. இப்ப என்னோட மெஷின் கதை கதையாதையும்."

அப்படியானால் இது எவனோ திருடன். அடுத்தவன் கணினிக்குள் கொஞ்சமும் கூசாமல் கைவைக்கிறானே என்று தாஹிருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னால் தேநீர் போடும் குசினிக்குள் போய், குரலைத் தாழ்த்தி முனாப் நானாவோடு போனில் பேசினான்.

"நானா, உள்ள நிக்கவே ஏலாம இருக்கு. ஆரோ என்னை வெளிய தள்ளிக்கொண்டே இருக்கிறான்."

மறுமுனையில் முனாப் அலுத்துக்கொண்டார்.

"நிவேதிகாவும் சோமசேகரம் ஐயாவும் இப்ப இதத்தான் சொன்னவங்க. மூண்டு பேரும் ஒருக்காக் கதைச்சு, ஆராவது ஒராள் மட்டும் உள்ள போங்களன்."