ஏழு விரல் இலை

"தம்பி, இந்த இலையைக் கிள்ளலாமோ, கிள்ளக் கூடாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

தில்லைநாயகி கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். உள்ளே ஏழு விரல் விரித்த பச்சை இலை ஒன்று இருந்தது.

பார்த்த வேகத்தில் சிரில் அதை உள்ளங்கையால் மூடிவிட்டான். பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் செடிக்கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறான். பாண்டிச்சேரிக்காரன். லா சப்பலில் ஜன்னலோரம் கறிவேப்பிலை வளர்க்கும் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் செடி வைத்தியர் அவன்தான். இப்படியொரு இலையோடு இதுவரை யாரும் வந்ததில்லை.

கல்லாவில் முதலாளி பியட்றிஸ் யாருக்கோ ரோஜாச்செடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். சிரில் குரலைத் தாழ்த்தினான்.

"இது எங்கேர்ந்தும்மா கெடைச்சுது?"

"என்ரை மகன் கிருஷிகன் வளர்க்கிறான். அறையிலை, அலுமாரிக்குள்ளை லைட் எல்லாம் போட்டு வைச்சிருக்கிறான். மூண்டு செடி. இலை மண்டிப் போய் ஒண்டை ஒண்டு மூடிக்கொண்டு நிக்குது."

"என்ன செடின்னு சொன்னாரா?"

"ஏதோ தக்காளிச் சாதி எண்டான்."

சிரிலுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சங்கடமாகவும் இருந்தது. உணவகச் சமையலறையில் காலையிலிருந்து வெங்காயம் உரித்துவிட்டு, மத்தியான இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள். நெற்றியில் திருநீறு வேறு. இவளிடம் போய் போலீஸ், வழக்கு என்று எதைச் சொல்வது?

"அதையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்கம்மா. அதான் நல்லது."

"ஐயோ, அது மட்டும் ஏலாது தம்பி!" தில்லைநாயகி பதறிப்போனாள். "மனுசன் கண்ணை மூடின பிறகு எனக்கு அவன் ஒருத்தன்தான். இப்ப அவன் வீட்டிலை நிக்கிறதே அந்தச் செடியாலைதான். வேலை முடிஞ்சால் நேரை வீட்டை வந்திடுறான். அது பட்டுப் போச்செண்டால் அவனைப் பிடிக்கேலாது."

சிரிலுக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. மெத்ரோ பாலத்தடியில் நாள் முழுக்க நின்று கெட்டுப் போகிற பையன்களை அவனும் தினம் பார்க்கிறான். அதற்கு, பிள்ளை வீட்டுக்குள் ஒரு செடியோடு கிடப்பது எவ்வளவோ தேவலை என்று ஒரு தாய் நினைத்தால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

"சரி, ஒண்ணு சொல்லுங்க. பூக்கறதுக்காக லைட் நேரத்தைக் கொறைக்கிறாரா?"

"இல்லை. எப்பவும் ஒரே மாதிரித்தான். அது தன்ரை வயசு வரத் தானாப் பூக்குமாம்."

"அப்போ இலையத் தொடவே தொடாதீங்க. மத்த ஜாதின்னா, இலையப் பிச்சாலும் தேறி வர்றதுக்கு டைம் குடுத்து அப்புறமா பூக்க விடலாம். இதுக்கு மொத்தமே எழுபது எண்பது நாள்தான் ஆயுசு. இலைதான் அதுக்குச் சோறு. சோத்தப் புடுங்கினா அப்படியே அசந்து நின்னுடும்."

"பட்டுப் போயிடுமோ?"

"ஒண்ணு ரெண்டு பிச்சா பட்டுல்லாம் போவாது. பூ முத்தறது தள்ளிப் போகும், அவ்வளவுதான்."

"எத்தினை நாள் பிந்தும்?"

"ஒரு வாரம், பத்து நாள்."

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒவ்வொண்டாக் கிள்ளினால்?"

"அதான் கிள்ளாதீங்கங்கறேனே!" சிரிலுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கறிவேப்பிலைன்னு நெனைச்சுடாதீங்கம்மா. அது கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். இது அப்படி இல்ல."

"ஓம் தம்பி, விளங்குது. நல்லா இருப்பீங்கள்."

அவள் போன பிறகும் சிரிலுக்கு மனசு ஆறவில்லை. ஒன்றும் அறியாத ஒரு தாய்க்கு உண்மையைச் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று உறுத்தியது. இலையைக் கசக்கிக் குப்பைக்கூடையின் அடியில் போட்டு மூடினான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அலுமாரியைத் திறந்த கிருஷிகன் வீடே அதிரப் பிரெஞ்சும் தமிழுமாகக் கத்தினான்.

"அம்மா! மே நோன்! திரும்பவும் இலையைப் பிடுங்கினீங்களோ?"

"நல்ல பச்சையா இருந்துது ராசா. சொதிக்குப் போட்டால் வாசமா இருக்குமோ எண்டு..."

"இது கறிவேப்பிலை இல்லை அம்மா! எத்தினை தரம் சொல்லுறது? இந்தக் கிழமை வெட்ட வேண்டியது. இனி மூண்டு கிழமை செல்லும்!"

தில்லைநாயகி முழித்தாள். அந்த முகத்தைப் பார்த்து அவனுக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, போனை எடுத்துச் சிநேகிதன் யானிக்கைக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினான்.

"யானிக், வீட்டை விட்டு இந்த வாரமே மார்செய் நகருக்கு வந்துவிடுகிறேன் என்றேனே, அது நடக்காது. இதுகளைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வர முடியுமா? வெட்டி முடித்த மறுநாளே கிளம்பிவிடுவேன். இன்னும் மூன்று வாரம் அம்மாவோடுதான்."

இருபத்தைந்து வருடம் பாரிஸ் சமையலறைகளில் நின்றவளுக்கு அந்தப் பிரெஞ்சு நன்றாகவே விளங்கியது. தில்லைநாயகி கைக்குள் பொத்தி வைத்திருந்த கஞ்சா இலையைக் குப்பையில் போட்டுவிட்டு, மகனுக்கும் சேர்த்து அரிசியை அளந்தாள். மூன்று வாரம், பட்டுப் போகாமல் பார்த்துக் கிள்ளினால் நாலு.