கூட யாருங்க?

மனைவி ஜனனிக்கு நிறைமாதம். எந்நேரமும் அழைப்பு வரலாம் என்பதால், கார் ஓட்டும்போது பேசத் தனபாலுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. புளூடூத் விலை அதிகம். மாதம் ஒருமுறை உடுமலைப்பேட்டை போய்வர ஒயர் இயர்போனே போதும் என்று வாங்கினான்.

பல்லடம் தாண்டியதும் ஜனனி அழைத்தாள்.

"ஏனுங்க, காலையில இருந்து வயித்துல புள்ள அசையவே இல்லீங்க." சற்று நிறுத்தினாள். "கூட யாருங்க?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

"கொழந்த ஒண்ணு பேசுதே."

"ரேடியோகூடப் போடல ஜனனி. என்ன சொல்லுது?"

"அப்பா, ஊட்டுக்குப் போலாங்குது."

வண்டியை ஓரங்கட்டி இயர்போனைக் கழற்றினான். காருக்குள் சத்தமே இல்லை. ஆளில்லாத பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் மாட்டியிருந்தது. மாட்டியது அவன் இல்லை.

அதைக் கழற்றாமலே, குலுங்காதபடி மெதுவாக வண்டியைத் திருப்பினான்.