வயிறு காலி

பூரணியின் மணிக்கட்டில் அபாய மணி அலறியது. பச்சைக் குழந்தை ஒன்றின் வயிறு நேற்றிலிருந்து காலி, வாயு அதிகம் என்றது செய்தி. நர்ஸ் பூரணி விழுந்தடித்துக்கொண்டு சிறுசேரி அடுக்ககத்தின் முப்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

கதவைத் திறந்த குழந்தையின் அம்மா தர்ஷிகா, "உக்காருங்கக்கா, காபி போடட்டா?" என்றாள்.

"பிள்ளை பசியில கெடக்கு, காபியாம் காபி! எங்க அது?"

குழந்தை தொட்டிலில் உதட்டோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தது. பூரணி தொட்டுப் பார்த்தாள். வயிறு நிறைந்து, மெத்தென்றுதான் இருந்தது. வயிற்றின் நிலையை மருத்துவமனைக்குச் சொல்லும் ஒட்டுப்பட்டையை மட்டும் அதன் மேல் காணோம். ஆனால், மணி இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

பூரணி திரும்பினாள். தர்ஷிகாவின் நைட்டிக்குள், வயிற்றருகே, சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது.

"அடிப்பாவி, அப்ப நேத்துலேர்ந்து சாப்பிடாதது நீயா?"

தர்ஷிகா நைட்டிக்குள் கைவிட்டு ஒட்டுப்பட்டையைப் பிய்த்தெடுத்தாள்.

"தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கலக்கா. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா மெஷின்தான் பேசுது, பிள்ளை வயிறு காலின்னாதான் மனுஷங்கள அனுப்புறாங்க."