கறுப்பு ஒயர்

“நல்லா ஏமாத்திட்டா அந்தக் காசியம்மா” என்றான் சதீஷ், பதினோராவது தடவையாகச் சாவியைத் திருகிவிட்டு.

படகு வாயே திறக்கவில்லை.

அந்த வருஷ மழையில் தேவிகாபுரம் ரோட்டு ஏரி நிரம்பி வழிந்து கோடி போனதைப் பார்த்ததும்தான் அவனுக்கு இந்த ஆசை வந்தது. ஆரணியில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து, காணும் பொங்கலிலிருந்து ஏரியில் படகு விட அனுமதி வாங்கினான். ஆட்டோவை விற்றான். பழவேற்காட்டில் காசியம்மாள் என்ற விதவையிடம் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

அங்கே ஒரே திருப்பில் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிய படகு, இங்கே தண்ணீரில் இறங்கியதும் ஊமையாகிவிட்டது. ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது, எஞ்சின் மட்டும் முனகக்கூட இல்லை. காணும் பொங்கலுக்கு இரண்டே நாள் பாக்கி.

போன் போட்டுக் கேட்டதற்கு, படகில் குறை ஒன்றும் இல்லை, நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லிக் காசியம்மாள் வைத்துவிட்டாள். கரையில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாவம் பார்த்து வாங்கினால் இப்படித்தான் தலையில் கட்டுவார்கள் என்றார் ஒருவர்.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து ஸ்டார்ட் செய்துவிடுகிறேன் என்று கிளம்பினான் சதீஷ். அவன் மனைவி சிவசங்கரி விடவில்லை. பவர்லூம் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவள் அவள்.

“எந்த ஒயரு எங்க போவுதுன்னு தெரியாம நாலு பேரைத் தண்ணி மேல ஏத்தக் கூடாதுங்க. ஒருநாள் குடுங்க, நான் பாக்கறேன்.”

மறுநாள் காலையில் சாவி இருந்த பலகையைக் கழற்றினாள். வெயிலும் உப்புக்காற்றும் பட்டு எல்லா ஒயரும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. தறியில் மிஞ்சிய பட்டு நூல் துண்டுகளை எடுத்து, விளக்குக்குப் போகிற ஒயரில் மஞ்சள், ஹாரனுக்குச் சிவப்பு, உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கிற பம்புக்குப் பச்சை என்று முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தாள். மத்தியானத்துக்குள் படகின் நரம்பு முழுக்க அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

ஒன்றைத் தவிர.

நிறம் மங்காத ஒரு கறுப்பு ஒயர். சாவியிலிருந்து கிளம்பி, பின்னால் இருக்கிற எஞ்சினுக்குப் போகாமல், பலகைக்கு அடியில் பதுங்கிப் பதுங்கிப் படகின் முன்பக்கம் ஓடியது.

“திருட்டு கனெக்‌ஷன்” என்றான் சதீஷ்.

அவள் அதன் கூடவே தவழ்ந்து போனாள். முன்சீட்டுக்கு அடியில், லைஃப் ஜாக்கெட் வைத்திருந்த பெட்டிக்குள் அது நுழைந்தது. ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். கடைசியாக எட்டாவதை எடுத்ததும் பெட்டியின் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அத்தனை பாரத்தில் அமுங்கிக் கிடந்த ஒரு சின்ன ஸ்பிரிங் சுவிட்ச் மேலே எழும்பியிருந்தது.

“இப்ப சாவியைத் திருப்புங்க.”

ஒரே உறுமலில் எஞ்சின் கிளம்பியது.

சதீஷ் சிரித்துவிட்டான். ஜாக்கெட்டை எல்லாம் வெளியே எடுத்தால்தான் இந்தப் படகு ஓடும். பழவேற்காட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஆளுக்கு ஒன்றை மாட்டிவிட்ட பிறகுதான் காசியம்மாள் சாவியைத் தொட்டாள் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. “பொங்கலுக்குப் பட்டுப்பொடவை கட்டிகினு வர்றவங்க, இந்த நாத்தம் புடிச்சதை மேல போடுவாங்களா? பேஜாரு” என்று சொல்லி, கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தான்.

வெட்டுவதற்கு முன்னால் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள் சிவசங்கரி. நாலு வார்த்தையாகவே கேட்கிறேன் என்று அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏம்மா, இப்படி ஒரு சுவிட்ச் இருக்குதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா வெட்டிடுவீங்க தம்பி” என்றாள் காசியம்மாள். “உங்களுக்கு முன்னாடி பாக்க வந்த ரெண்டு பேருக்கும் சொன்னேன். அதை வெட்டிட்டுக் குடுன்னாங்க. நான் குடுக்கல.”

அவளே தொடர்ந்தாள்.

“அது எங்க வீட்டுக்காரரு வெச்சது. ஏறினவங்க யாரும் ஜாக்கெட் இல்லாம போவக் கூடாதுன்னு அவ்ளோ கறாரு. ஒருநாள் ஜல்தியா போவணும்னு அவரே ஒயரைக் கழட்டி உட்டுட்டுப் போனாரு. படகு மட்டும்தான் கரைக்கு வந்துச்சு.”

சதீஷ் போனை மனைவி கையில் கொடுத்தான். பிளேயரைப் பைக்குள் போட்டான். எட்டு ஜாக்கெட்டையும் அள்ளிக்கொண்டு கரையேறிப் போய், ஒரு பக்கெட் தண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்து, ஒவ்வொன்றாகத் துவைக்க ஆரம்பித்தான்.

அவனையே பார்த்துக்கொண்டிருந்த சிவசங்கரி, போனில் கேட்டாள்.

“அப்புறம் யாருங்க இதைத் திரும்ப மாட்டினது? கனெக்‌ஷன் அவ்ளோ சுத்தமா இருக்குது.”

“நான்தாம்மா. அந்த ஒரு ஒயரை மாட்டறதுக்குத்தான் இந்த ஒயரிங் வேலையே கத்துக்கினேன்.”